வெந்தயமும் பட்டையும் எடுக்கிறேன், மாத்திரையை நிறுத்தட்டுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இதே சந்தேகம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அதனால் உங்கள் பெயரை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்களுக்கு வயது 56. டைப் 2 சர்க்கரை நோய் வந்து ஏழு வருடமாகிறது. மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளையும், கிளிமெபிரைடு 2 மி.கி. காலையிலும் போடுகிறீர்கள். ஆறு வாரமாக ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள். பட்டைத் தூள் காலையும் மாலையும் ஒவ்வொரு தேக்கரண்டி, வெந்நீரில் கலந்து. இதுபோக மகள் வாங்கிக் கொடுத்த மஞ்சள் மாத்திரை. இந்த ஆறு வாரத்தில் டீக்குச் சர்க்கரை போடுவதை அறவே விட்டுவிட்டீர்கள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் நடக்கிறீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 162லிருந்து 128க்கு இறங்கியிருக்கிறது. "இனி மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகையிலேயே இருந்துவிடலாமா" என்று கேட்கிறீர்கள். அப்புறம் கடைசி வரியில், போகிற போக்கில், இரண்டு நாள் காலை பதினோரு மணிவாக்கில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது, மூலிகை உடம்பைச் சுத்தம் செய்கிறதோ என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் இது.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, கண் மங்குவது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது, இதெல்லாம் ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியதன் அறிகுறிகள். இதில் சுத்தம் செய்வது எதுவும் இல்லை அம்மா. நீங்கள் எழுதியதை வரிசையாக வைத்துப் பார்த்தால் காரணமும் புரிகிறது: வெந்தயத் தண்ணீர் குடித்தால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது, அதனால் காலைச் சாப்பாட்டைப் பல நாள் விட்டுவிடுகிறேன் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் கிளிமெபிரைடை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறீர்கள். அந்த மாத்திரை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. காலையின் முதல் சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்வது அதனால்தான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி இறங்குவது அபூர்வம். கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை போடுபவர்களும் இன்சுலின் போடுபவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை அப்படி வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், அல்லது மீட்டர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் பார்க்காமலேயே, 15 கிராம் அளவுக்குச் சர்க்கரை உள்ளே போக வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் சரியாக இருக்கும். குளுக்கோஸ் மாத்திரை இருந்தால் இன்னும் நல்லது. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை அதே அளவு. ஏறியதும் கொஞ்சம் சாப்பாடு சாப்பிட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் ரொம்ப இறங்கிவிட்டால் நமக்கே யோசனை ஓடாது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்து இந்த இரண்டு நாள் கதையைச் சொல்லுங்கள். கிளிமெபிரைடின் அளவை அவர் குறைக்கலாம், மாற்றவும் செய்யலாம். பார்த்தீர்களா, நீங்கள் கேட்டதில் ஒரு பாதிக்கு "ஆமாம், மாத்திரை குறையலாம்" என்றே பதில் வருகிறது, ஆனால் அந்த முடிவு உங்கள் அளவுகளைப் பார்த்து அவர் எடுக்க வேண்டியது. நீங்களாக நிறுத்தினால் என்ன ஆகும் என்றால், இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியாது, உடம்பு நன்றாகத்தான் இருக்கும், சர்க்கரை மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். அதுதான் இந்த நோயின் பொல்லாத குணம்.

சரி, இப்போது மூலிகைக்கு வருவோம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "மூலிகையெல்லாம் சும்மா" என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. நீங்கள் தினமும் போடும் மெட்ஃபார்மினுக்கே பூர்வீகம் ஒரு செடிதான். கலேகா அஃபிசினாலிஸ் என்று ஐரோப்பாவில் வளரும் ஊதாப்பூச் செடி. அதில் கலேகின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது சர்க்கரையை இறக்கும். ஆனால் அந்தச் செடியை மேய்ந்த ஆடுகள் செத்துப்போயிருக்கின்றன, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் கலேகின் தாங்க முடியாத அளவுக்கு நஞ்சாக இருந்தது. 1922ல் வெர்னர், பெல் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, 1957ல் முடிவை வெளியிட்டவர் பிரான்சின் ழான் ஸ்டெர்ன். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், செடிக்குள் மருந்து இருக்கலாம், அதே செடிக்குள் விஷமும் இருக்கலாம், அந்த விஷத்தை விலக்கி, மருந்தை மட்டும் அளந்து தயாரித்து வைத்ததுதான் உங்கள் மாத்திரை. இயற்கையானது என்பதால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையோடு இரண்டு தேக்கரண்டி பட்டையை விழுங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

உங்கள் பட்டியலில் எனக்குப் பிடித்தது வெந்தயம். சமையலறையில் இருக்கும் பொருள்களில் சர்க்கரை நோய்க்கு ஓரளவு நம்பிக்கை தரும் ஆதாரம் இதற்குத்தான் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரவில் கல் மாதிரி இருந்த விதை காலையில் இரண்டு மடங்காக உப்பி, விரலில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும், நசுக்கினால் கொழகொழவென்று நூல் விடும். அந்தக் கொழகொழப்புதான் கேலக்டோமன்னன் என்ற கரையும் நார்ச்சத்து. அது குடலுக்குள் போய் அங்கேயும் இப்படித்தான் கூழாகிறது, சாப்பிட்ட மாவுச்சத்து அந்தக் கூழைத் தாண்டி வர நேரமெடுக்கிறது, சாப்பிட்ட பிறகு விறுவிறுவென ஏறும் சர்க்கரை கொஞ்சம் நிதானமாக ஏறுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் நீங்கள் செய்யும் தவறும் தெரிந்துவிடும். தண்ணீரைக் குடித்துவிட்டு விதையைக் கொட்டுகிறீர்கள். நார்ச்சத்தில் பெரும் பங்கு அந்த உப்பிய விதைக்குள்தான் இருக்கிறது! விதையையும் மென்று சாப்பிடுங்கள். கசப்பு தாங்காவிட்டால் தயிரில் கலந்து சாப்பிடலாம், அரைத்து மாவில் சேர்க்கலாம், முளைகட்டினால் கசப்பு கொஞ்சம் குறையும்.

அளவு விஷயத்திலும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 1990ல் வெளிவந்தது, வெந்தயத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றைக்கும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். டைப் 1 நோயாளிகளுக்குப் பத்து நாள் வெந்தயம் கொடுத்தார்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது, சிறுநீரில் போகும் சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது. ஆனால் கொடுத்த அளவு, கொழுப்பு நீக்கிய வெந்தயத் தூள், ஒரு நாளைக்கு 100 கிராம். ஒரு தேக்கரண்டி வெந்தயம் சுமார் 4 கிராம்தான் வரும், அப்படியானால் இருபத்தைந்து தேக்கரண்டி! யாராலும் தினமும் அதைச் சாப்பிட்டு வாழ முடியாது. அதன் பிறகு குறைந்த அளவுகளில் நிறையச் சோதனைகள் வந்தன. 2014ல் பத்துச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 17 மி.கி. அளவு குறைந்திருந்தது, அதுவும் நாளைக்கு 5 கிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. பல சோதனைகள் சின்னவை, சரியாகத் திட்டமிடாதவை என்று தொகுத்தவர்களே சொல்லியும் இருக்கிறார்கள். ஆக, ஊறவைத்த வெந்தயம் இரண்டு தேக்கரண்டி, விதையோடு, சாப்பாட்டை ஒட்டி. இதுதான் நான் சொல்லும் அளவு. ஒரே நாளில் இரண்டுக்குத் தாவாமல் அரைத் தேக்கரண்டியில் ஆரம்பித்து ஏற்றுங்கள், இல்லையென்றால் வயிறு உப்புசமும் பேதியும் வரும். வியர்வையிலும் சிறுநீரிலும் ஒரு இனிப்பு வாசனை வரலாம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

மாத்திரையும் வெந்தயமும் ஒரே நேரத்தில் வேண்டாம், அந்தக் கூழ் மருந்தையும் மெதுவாக்கிவிடும். இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், முக்கியமாகத் தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள். கடலை, நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் சேராமல் போகலாம், ஒரே குடும்பத்துப் பயிர். கர்ப்பிணிகள் சமையலில் போடும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பட்டையைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

2003ல் பாகிஸ்தானில் 60 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. நாளைக்கு 1, 3, 6 கிராம் பட்டை, நாற்பது நாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் குறைந்ததாக முடிவு வந்ததும் உலகமே பட்டையைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது சிலருக்குக் குறைந்தது, சிலருக்கு எதுவுமே நடக்கவில்லை. 2012ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 577 பேர் கலந்துகொண்ட பத்துச் சோதனைகளைச் சலித்துப் பார்த்து, சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. அடுத்த வருடம் வந்த இன்னொரு தொகுப்பில் வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்திருந்தது, ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி குறையவே இல்லை. எனக்கு அந்த இரண்டாவது எண்தான் முக்கியம். கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றுவது சராசரிதான், ஒரு நாள் காலை எண் இல்லை.

பலன் சந்தேகம் என்பதோடு போனால் பரவாயில்லை, பட்டைக்குள்ளேயே இருக்கும் கூமரின் என்ற பொருளால் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டையில் இரண்டு வகை. சிலோன் பட்டை என்கிற சுருள் பட்டை காகிதம் மாதிரி மெல்லியது, குறுக்கே பார்த்தால் சுருட்டு மாதிரி அடுக்கு அடுக்காக இருக்கும், கையாலேயே நொறுங்கும். காசியா வகை தடிமனாக, ஒரே அடுக்காக, மரத்துண்டு மாதிரி கெட்டியாக, கருஞ்சிவப்பாக இருக்கும். கடைகளில் பட்டைத் தூள் என்று விற்பதில் பெரும்பகுதி இந்தக் காசியாதான், பொடித்த பிறகு எது எதென்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. காசியாவில் கூமரின் நிறைய, சிலோன் பட்டையில் பேருக்குத்தான். கூமரின் அதிகமானால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மி.கி. வரை தாங்கும் என்று வரம்பு வைத்திருக்கிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 6 மி.கி., சுமார் 2 கிராம் காசியாவிலேயே அது வந்துவிடும். நீங்கள் எடுப்பது இரண்டு தேக்கரண்டி, 5 கிராமுக்குக் குறையாது. இன்றோடு நிறுத்திவிடுங்கள். பட்டை பிடிக்கும் என்றால் முழுசாகச் சுருள் பட்டை வாங்கி வீட்டில் பொடித்து, ஒரு சிட்டிகை, சுவைக்காகப் போடுங்கள்.

மஞ்சள் மாத்திரை விஷயம் இதைவிடச் சிக்கல். மஞ்சளில் வேலை செய்யும் பொருள் குர்குமின், மஞ்சள் தூளில் அது 3 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். 2012ல் தாய்லாந்தில் சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 240 பேருக்கு ஒன்பது மாதம் குர்குமின் கொடுத்த ஆய்வில், மருந்து எடுக்காத குழுவில் 16.4 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, எடுத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. கேட்க அற்புதமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அவர்கள் எடுத்தது நாளைக்கு ஒன்றரை கிராம் குர்குமின். மஞ்சள் தூளாகக் கணக்குப் போட்டால் 50 கிராம். சமையலில் போடும் கால் தேக்கரண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதோடு இது ஒரே ஒரு இடத்தில் நடந்த ஒரே ஒரு ஆய்வு, நோய் வருவதற்கு முன்னால் இருந்தவர்களிடம் நடந்தது.

சாதாரணமாகக் குர்குமின் உடம்பில் சரியாகச் சேராது, அதனால் மாத்திரைகளில் மிளகின் பைப்பரினைக் கலக்கிறார்கள். அது குர்குமினை மட்டும் உள்ளே இழுப்பதில்லை, வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். இப்படி உறிஞ்சும் திறனைக் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்ட சம்பவங்கள் வந்ததால் இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசு அமைப்புகள் எச்சரிக்கையே விட்டிருக்கின்றன. உங்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். டாக்டரிடம் காட்டும்வரை அதை எடுக்காதீர்கள். இதற்கிடையில் சிறுநீர் கரும்மஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ காத்திருக்க வேண்டாம். மகள் பாசத்தோடு வாங்கிக் கொடுத்தது, அவரிடம் கோபப்படாதீர்கள். இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

"சுகர் பவுடர்", "சுகர் மூலிகை" என்று எந்தப் பொருள்கள் இருக்கின்றன என்று போடாமல் விற்கும் கலவைகளைத் தொடவே தொடாதீர்கள். சர்க்கரை நோய்க்கென்று சட்டத்துக்குப் புறம்பாக விற்றதற்காக 2013ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 15 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவற்றில் சில பொருள்களுக்குள் லேபிளில் சொல்லாத மருந்து கலந்திருந்தது. மூலிகை என்று நம்பிச் சாப்பிடுகிறவருக்கு, ஏற்கெனவே போடும் மாத்திரைக்கு மேல் இன்னொரு மாத்திரை தெரியாமல் உள்ளே போகிறது. பிறகு பதினோரு மணிக்குக் கை நடுங்காமல் என்ன செய்யும்?

துளசியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1996ல் 40 பேரை வைத்து நடந்த சின்ன ஆய்வில் துளசி இலை எடுத்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 17.6 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல அறிகுறி, அவ்வளவுதான், அதை வைத்து வைத்தியம் செய்ய முடியாது. இஞ்சிக்கும் நாளைக்கு 2 கிராம் தூள் அளவில் சில சின்னச் சோதனைகள் சாதகமாக வந்திருக்கின்றன. கொத்தமல்லி, கறிவேப்பிலை, ரோஸ்மேரி, ஆரிகானோ இவற்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதில் பெரும்பாலானவை எலியிடமோ சோதனைக் குழாயிலோ பார்த்த முடிவுகள். எலிக்குச் சர்க்கரை குறைந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அந்த எலி சாப்பிட்ட கணக்கில் நாம் சாப்பிடப் போவதில்லை.

அப்படியானால் 162 எப்படி 128 ஆனது? உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது, நீங்கள் அதற்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள். நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, அதை விட்டீர்கள். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று வைத்தால் நாளைக்கு 24 கிராம் சர்க்கரை உடம்புக்குள் போவது நின்றிருக்கிறது. அதோடு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேர நடை, நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வெந்தயம் கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம். ஆனால் பெரிய வேலையைச் செய்தது நீங்கள். அந்தப் பெருமையைப் பட்டை டப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, நாளைக்கு மழை வந்தால் நடையை விட்டுவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை.

நம்பவில்லையென்றால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கிளிமெபிரைடு விஷயத்தை டாக்டர் சரிசெய்த பிறகு, ஒரே மதியச் சாப்பாட்டை, ஒரே அளவில், ஒரு நாள் வெந்தயத்தோடும் இன்னொரு நாள் இல்லாமலும் சாப்பிட்டு, சாப்பிடும் முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து எழுதி வையுங்கள். ஒரு தடவை போதாது, மூன்று நான்கு ஜோடி நாள்களாவது வேண்டும். வீட்டு மீட்டருக்கு 15 சதவீதம் வரை முன்பின் இருக்க அனுமதி உண்டு, 140 என்று காட்டுவது உண்மையில் 125 ஆகவும் இருக்கலாம், 155 ஆகவும் இருக்கலாம். அதனால்தான் ஒரு நாள் எண்ணை வைத்து எந்த மூலிகையையும் புகழவும் கூடாது, திட்டவும் கூடாது. எச்பிஏ1சியை இப்போது பார்த்தால் பழைய நாள்களும் கலந்து வரும், சிவப்பணு 120 நாள் வாழும் அல்லவா, இன்னும் ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சமையல் மூலிகைகளால் சர்க்கரை நோயாளிக்குக் கிடைக்கும் நிச்சயமான லாபம் மூலிகைக்குள் இருக்கும் சத்தில் மட்டும் இல்லை, அது சட்டியிலிருந்து எதை வெளியே தள்ளுகிறது என்பதில் இருக்கிறது. உப்பையும் சர்க்கரையையும் எண்ணெயையும் தள்ளும். சர்க்கரை நோயோடு ரத்த அழுத்தமும் சேர்ந்துகொள்வது சகஜம், இரண்டும் சேர்ந்துதான் சிறுநீரகத்தையும் இதயத்தையும் குறிவைக்கின்றன. நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, தட்டையாக ஒரு தேக்கரண்டி, எல்லா வேளைக்கும் சேர்த்து. "உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடுவது" என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். மூலிகை இருந்தால் சாப்பிடலாம்.

இப்படிச் செய்து பாருங்கள். பருப்போ சூப்போ காயோ எதுவாக இருந்தாலும் வழக்கமாகப் போடும் உப்பில் பாதியை மட்டும் போட்டு வேகவையுங்கள். அடுப்பை அணைத்த பிறகு ஒரு கைப்பிடி கொத்தமல்லியை, தண்டோடு சேர்த்து, பொடியாக நறுக்கித் தூவி மூடுங்கள். இரண்டு நிமிடம் கழித்து எலுமிச்சை பிழியுங்கள். மூடியைத் திறக்கும்போது ஆவியோடு வரும் அந்த வாசனையில் பாதிச் சுவை வந்துவிடும், புளிப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். முதல் வாரம் ஏதோ குறைகிற மாதிரித்தான் இருக்கும். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும், அதன் பிறகு பழைய உப்பில் சமைத்ததைச் சாப்பிட்டால் கரிக்கும். கொத்தமல்லி, புதினா, துளசி, பார்ஸ்லி மாதிரி மென்மையான இலைகளைக் கடைசியில் போட வேண்டும், முதலிலேயே போட்டால் வாசனை ஆவியாகிப் போய்விடும். ரோஸ்மேரி, தைம், ஆரிகானோ மாதிரி கெட்டி இலைகளுக்கு நேரம் வேண்டும், ஆரம்பத்திலேயே போடலாம். காய்ந்த இலை என்றால் பச்சை இலையில் மூன்றில் ஒரு பங்கு போதும். தயிரில் புதினாவும் சீரகமும், பாலில் ஒரு சிட்டிகை சுருள் பட்டை அல்லது ஏலக்காய், இனிப்பு இல்லாத குறை அவ்வளவாகத் தெரியாது. கடையில் வாங்கும் மசாலாக் கலவைகளில் உப்பும் சில சமயம் சர்க்கரையும் மாவும் சேர்ந்திருக்கும், லேபிளில் உப்பு முதல் மூன்று பெயர்களுக்குள் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

உங்கள் கணவர் விஷயம். அவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார், உங்களோடு சேர்ந்து தினமும் கொத்தமல்லி பார்ஸ்லி ஜூஸ் குடிக்க ஆரம்பித்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சை இலைகளில், முக்கியமாகப் பார்ஸ்லியில், வைட்டமின் கே நிறைய. அது வார்ஃபரின் வேலையைக் குறைத்துவிடும், ரத்தம் உறையும் அபாயம் ஏறும். வெந்தயமும் மஞ்சள் மாத்திரையும் எதிர்ப் பக்கம் இழுத்து ரத்தக் கசிவைக் கூட்டலாம். கீரையே கூடாது என்பதில்லை, ஆனால் ஒரு வாரம் டம்ளர் டம்ளராகவும் அடுத்த வாரம் ஒன்றுமே இல்லாமலும் இருக்கக் கூடாது. அவர் ஜூஸைத் தானாகவே திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து சொல்லி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை எப்போது எடுப்பது என்று கேளுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு இந்த மாதிரி பச்சை ஜூஸில் இருந்து பொட்டாசியம் ஏறும், அவர்களுக்கும் இது ஆகாது. அறுவைச் சிகிச்சை எதாவது திட்டமிட்டிருந்தால், மாத்திரை வடிவ மூலிகைகள் அனைத்தையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது ஒரு பையில் எல்லாவற்றையும் போட்டு எடுத்துப் போங்கள், பட்டைத் தூள், மஞ்சள் மாத்திரை, வெந்தயம், பாட்டில், டப்பா எல்லாம். என்னிடம் வந்த ஒருவர் "கொஞ்சம் மூலிகை எடுக்கிறேன்" என்றுதான் சொன்னார், பையைக் கொட்டியபோது மேஜையில் ஒன்பது டப்பா இருந்தது, அதில் மூன்றுக்கு லேபிளே இல்லை. சொன்னால் திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள், திட்டினாலும் பரவாயில்லை, தெரியாமல் மருந்து எழுதுவதுதான் ஆபத்து.

நாளைக் காலையிலிருந்து காலைச் சாப்பாட்டைத் தவறாமல் சாப்பிட்டுவிடுங்கள். வெந்தயத்துக்கும் மாத்திரைக்கும் இடைவெளி வேண்டும் என்றேன், கிளிமெபிரைடோ சாப்பாட்டோடு போட வேண்டியது, அதனால் வெந்தயத்தை, விதையோடு மென்று, மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்வது உங்களுக்கு வசதியாக இருக்கும். சாப்பிட முடியாத நாளில் கிளிமெபிரைடை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டு, அவர் சொல்வதை ஒரு சீட்டில் எழுதி மாத்திரை டப்பாவிலேயே ஒட்டி வையுங்கள். ஆறு வாரம் கழித்து எச்பிஏ1சி வந்ததும் அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள், நடையை எத்தனை நாள் விட்டீர்கள் என்பதையும் சேர்த்து.